ஓட்டோ விற்ற காசு எங்கே? கிரிப் அறிக்கையும் வசூல்காரரின் தொலைபேசி அழைப்பும்

தென்மராட்சியிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"ஐயா, 2018 ஜூன் மாதம் என் கணவர் ஓடுவதற்காக 600,000 ரூபாவுக்கு ஒரு பாவித்த ஓட்டோ வாங்கினோம். 180,000 ரூபா எங்கள் கைக்காசு. மிகுதி 420,000 ரூபாவை ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் லீசிங் எடுத்தோம். மாதம் 13,700 ரூபா வீதம் 48 தவணை. என் அக்காவின் கணவர், அத்தான், பிணை நின்றார். 2020 இல் ஆறு மாதச் சலுகை கிடைத்தது. அந்த ஆறு மாதம் போக மொத்தம் 26 தவணை கட்டினோம். 2021 பெப்ரவரிக்குப் பிறகு முடியவில்லை. அந்த வருடம் நவம்பரில் வண்டியைச் சீஸ் பண்ணிக்கொண்டு போனார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தோம். இப்போது வீட்டு வேலைக்காக வங்கியில் கடன் கேட்டால் கிரிப்பில் (கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவில்) பிரச்சினை என்கிறார்கள். அத்தானுக்கும் கடன் மறுத்துவிட்டார்கள். இதற்கிடையில் சட்டப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒருவர் தினமும் அழைக்கிறார். 274,000 ரூபா நிலுவை என்றும், வெள்ளிக்கிழமைக்குள் 60,000 ரூபாவோ, அது முடியாவிட்டால் நல்லெண்ணத்துக்கு 5,000 ரூபாவோ தான் தரும் கணக்கிலக்கத்துக்குப் போட வேண்டும் என்றும், போட்டால் கிரிப்பில் இருந்து பெயரை எடுத்துத் தருவதாகவும், போடாவிட்டால் பொலிஸ் வரும் என்றும் சொல்கிறார். கனடாவில் இருக்கும் தம்பியோ ஒரு சதமும் கட்டாதே, ஆறு வருடத்தில் தானாக அழிந்துவிடும் என்கிறான். என் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அதில் நான் எடுக்காத 80,000 ரூபாக் கடனொன்றும் இருக்கிறது. என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமைக்கு முன் எவருக்கும் எந்தப் பணமும் அனுப்ப வேண்டாம். அந்த ஐந்தாயிரமும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் விரிவாக எழுதுகிறேன். கடிதத்தை இடையில் மூடிவைத்தாலும் இந்த ஒன்றாவது மனதில் நிற்கட்டும் என்பதால் முதலில் எழுதினேன்.

நீங்கள் அறிக்கையை ஏற்கெனவே பெற்றிருப்பது பாதி வேலை முடிந்த மாதிரி. நம்மவர்களிற் பலர் வங்கி முகாமையாளர் வாயால் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, "என் பெயர் கிரிப்பில் விழுந்துவிட்டது" என்று ஏதோ கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டதைப் போல வருந்துவார்கள். கிரிப் என்று நாம் சொல்லும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் கணக்கு விபரங்களை அதற்கு அறிக்கையிடுகின்றன. பணியகம் அவற்றைத் தொகுத்து வைத்து, கேட்கும் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர் பெயரும் அங்கே இருக்கிறது, கட்டாதவர் பெயரும் இருக்கிறது. உங்களுக்குக் கடன் கொடுக்கலாமா கூடாதா என்று பணியகம் சொல்வதில்லை. அந்த முடிவை எடுப்பது அறிக்கையை வாசிக்கும் வங்கி.

இதிலிருந்து உங்களுக்கு மிகவும் தேவையான ஒரு விடயம் பெறப்படுகிறது. அறிக்கையில் உள்ள ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால், அந்த வரியை எழுதிய நிறுவனம்தான் திருத்திய தகவலைப் பணியகத்துக்கு அனுப்ப வேண்டும். பணியகத்துக்கு நீங்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், தெரிவிக்கவும் வேண்டும். ஆயினும் அவர்கள் அதை அந்த நிறுவனத்திடம் அனுப்பி உறுதிப்படுத்தாமல் தாமாக ஒரு எண்ணையும் மாற்றுவதில்லை. அப்படியிருக்க, கைத்தொலைபேசியில் பேசும் ஒரு வசூல் முகவர் உங்கள் பெயரை எடுத்துத் தருவேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர் உண்மையிலேயே அந்த நிறுவனத்தால் அமர்த்தப்பட்டவராக இருந்தாலும் பணியகத்தின் கோப்பில் கைவைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அமர்த்தப்படாதவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பழைய வாடிக்கையாளர் பட்டியல்கள் வேலையை விட்டுப் போகிறவர்களின் தொலைபேசிகளில் வெளியே போவது நான் கடன் பிரிவில் இருந்த காலத்திலேயே நடந்தது.

அந்தக் காலத்து ஒரு நினைவையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு சில்லறை வியாபாரி என் மேசைக்கு வந்து, தம் கடன் தீர்ந்து ஒரு வருடமாகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். ஆதாரம் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டி அட்டையை எடுத்து நீட்டினார். அதன் உட்பக்கத்தில் மூன்று திகதிகளும் மூன்று தொகைகளும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் இருந்தன. வசூலுக்கு வந்தவர் எழுதிக் கொடுத்தது. மூன்றில் ஒரு தொகைகூடக் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, ஆனால் எங்கள் புத்தகத்தில் அவர் கடனாளியாகவே இருந்தார். உங்களை அழைப்பவர் கேட்பதோ நிறுவனத்தின் கணக்கிலக்கம்கூட அல்ல, தான் தரும் இலக்கம். பணம் கட்டும் நாள் வந்தால் நிறுவனத்தின் கிளைக் கரும பீடத்தில், உங்கள் ஒப்பந்த இலக்கத்தைக் குறிப்பிட்டுக் கட்டி, அச்சடித்த பற்றுச்சீட்டை வாங்குங்கள்.

இனி 274,000 ரூபாவுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் இருத்தியது இந்தத் தொகைதான்.

420,000 ரூபாவுக்கு மாதம் 13,700 ரூபா வீதம் 48 தவணை என்றால், வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 24 சதவீதம் என்று வருகிறது. அந்த வீதத்தில் 26 தவணை கட்டி முடித்தவருக்கு, மீதி 22 தவணைகளுக்குள் அடங்கியிருக்கும் முதற்பணம் ஏறத்தாழ 242,000 ரூபா. 2020 மார்ச்சில் ஓட்டோ, பாடசாலை வான் முதலியவற்றின் லீசிங்குக்கு அறிவிக்கப்பட்ட ஆறு மாதச் சலுகைக் காலத்தில் தவணை நின்றதே தவிர வட்டி நின்றதில்லை. அந்த வட்டியையும் முழு வீதத்திலேயே சேர்த்தால் இன்னும் ஒரு முப்பத்துச் சொச்ச ஆயிரம் கூடும். ஆக, 2021 இல் நீங்கள் தவணையை நிறுத்திய நேரத்தில் ஓட்டோவின் மீது நின்ற கடன், அதிகபட்சமாகப் பார்த்தாலும், 276,000 ரூபா அளவில் இருந்திருக்கும். முகவர் சொல்லும் தொகை இதற்கு மிக அருகில் இருப்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் ஓட்டோ விற்ற காசு எங்கே?

வண்டியைக் கொண்டுபோன பிறகு நிறுவனம் அதை விற்று, வந்த பணத்தைக் கடனில் கழித்து, மிஞ்சிய பற்றாக்குறையைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும். வண்டி போனதும் கணக்கு முடிந்தது என்று நீங்கள் நினைத்தது சரியல்ல. பற்றாக்குறைக்குக் குத்தகை (லீசிங்) எடுத்தவர் பொறுப்பு என்று ஏறக்குறைய எல்லா லீசிங் ஒப்பந்தங்களிலும் ஒரு வாசகம் இருக்கும். ஆனால் பற்றாக்குறை என்று ஒன்று இருந்ததா என்பதே இங்கே கேள்வி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன் பின் நாட்டுக்குள் இருந்த பாவித்த வாகனங்களின் விலை இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போனவர்களுக்கும் இது தெரியும். 2018 இல் 600,000 ரூபாவுக்கு வாங்கிய ஓட்டோ, ஓடும் நிலையில் இருந்திருந்தால், 2021 நவம்பரில் 276,000 ரூபாக் கடனை மூடாத விலைக்குப் போயிருக்கும் என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது. அப்படிப் போனது என்றால் அதற்கான காரணத்தை அவர்கள் எழுத்தில் காட்டட்டும். இயந்திரம் பழுதாக இருந்திருக்கலாம். சீஸ் பண்ணிய செலவு, தரிப்பிட வாடகை, தாமதத்துக்கான தண்டவட்டி என்பனவும் ஏறியிருக்கலாம். அல்லது, நான் சந்தேகிப்பதைப் போல, விற்பனை வரவு உங்கள் கணக்கில் பதியப்படாமலே பழைய மீதி ஒரு வசூல் பட்டியலுக்குப் போயிருக்கலாம். என் கணக்கு நீங்கள் தந்த நான்கு எண்களை வைத்துப் போட்டது. நிறுவனத்தின் பேரேட்டைப் பார்க்காமல் முடிவு சொல்லும் அளவுக்கு நான் துணியவில்லை. மாறாக, விற்பனை வரவு கடனைவிடக் கூடுதலாக இருந்திருந்தால் அந்த மிச்சம் உங்களைச் சேருமா என்பது ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணி வாசித்துச் சொல்ல வேண்டிய விடயம்.

ஆகவே முதல் வேலை ஒரு கடிதம். நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் நீங்கள் லீசிங் எடுத்த கிளைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்: "மேற்படி இலக்கக் குத்தகை ஒப்பந்தம் தொடர்பாக, ஆரம்பம் முதல் இன்று வரையிலான முழுக் கணக்குக் கூற்றையும், ஒப்பந்தத்தை முடிவுறுத்திய அறிவித்தலின் பிரதியையும், வாகனம் கையேற்கப்பட்ட போது தயாரிக்கப்பட்ட பொருட்பட்டியலையும், மதிப்பீட்டு அறிக்கையையும், வாகனம் விற்கப்பட்ட திகதி, விலை, வரவு வைக்கப்பட்ட தொகை என்பவற்றையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னுடன் தொலைபேசியில் தொடர்புகொள்ளும் நபர் உங்கள் அங்கீகாரம் பெற்றவரா என்பதையும் எழுத்தில் உறுதிப்படுத்தவும்." வழக்கு பற்றிப் பின்னால் நான் சொல்லும் ஒரு வரியைத் தவிர, இதற்கு மேல் எதுவும் எழுத வேண்டாம். "நான் கட்ட வேண்டிய கடன்" என்றோ, "கஷ்டம் தீர்ந்ததும் கட்டிவிடுகிறேன்" என்றோ மரியாதைக்காகக்கூட எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டாம். அந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை இப்போது பழைய இடத்தில் இல்லையென்றால் திகைக்க வேண்டாம். அண்மைய ஆண்டுகளில் மத்திய வங்கியின் ஒருங்கிணைப்புத் திட்டத்தின் கீழ்ப் பல நிதி நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் அந்தக் கணக்கு எந்த நிறுவனத்தின் பெயரில் நிற்கிறதோ அதற்கே எழுதுங்கள்.

தம்பி சொன்னதைப் பற்றி. அவர் பொய் சொல்லவில்லை, தாம் வாழும் நாட்டின் கதையைச் சொல்கிறார். கனடாவில் கட்டாத கடன் வசூல் நிறுவனத்தின் கைக்குப் போனால், அது கடன் அறிக்கையில் வசூல் கணக்கு என்று தனியாகப் பதிவாகி, பொதுவாக ஆறு ஆண்டுகள் நின்று பின் நீங்கும். அமெரிக்காவில் அது ஏழு ஆண்டுகள். பணம் கட்டினால் பதிவை நீக்குவாயா என்று வசூல் நிறுவனத்தோடு பேரம் பேசும் வழக்கமும் அங்கேதான் உண்டு. பதிவை இட்டவரே அவர் என்பதால் அந்தப் பேரத்துக்கு அங்கே ஒரு பொருள் இருக்கிறது. இங்கே வசூல் முகவர் எதையும் பதிவதில்லை. கடன் கொடுத்த நிறுவனமே கணக்கைத் தொடர்ந்து அறிக்கையிடுகிறது, தீராத நிலுவை தீராத நிலுவையாகவே அடுத்த மாதமும் போகிறது. பதிவழிக்கப்பட்டது என்று உங்கள் அறிக்கையில் ஒரு சொல் இருந்தாலும் கடன் மன்னிக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. நிறுவனம் தன் ஐந்தொகையிலிருந்து அதை எடுத்துவிட்டது என்பதே அதன் பொருள். கேட்கும் உரிமையை அது கைவிடவில்லை.

ஆனாலும் ஆறு வருடம் என்ற எண் இலங்கையிலும் இருக்கிறது, வேறொரு வேலைக்காக. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து மூல ஒப்பந்தத்தின் பேரில் வழக்கிடுவதற்குப் பொதுவாக ஆறு வருடமே அவகாசம். எழுத்தில்லாத கடனுக்கு மூன்று வருடம். உங்கள் விடயத்தில் அந்த ஆறு வருடம் தவணை தவறிய நாளிலிருந்தா, ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்தா ஓடுகிறது என்பதைச் சட்டத்தரணி ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மிக முந்திய நாளை எடுத்தாலும் அது 2027 மார்ச்சுக்கு முன் முடிவதில்லை. இடையில் நீங்கள் ஒரு சிறு தொகை கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டாலோ, அந்த ஆறு வருடம் அன்றிலிருந்து புதிதாக எண்ணப்பட இடமுண்டு. "நல்லெண்ணத்துக்கு ஐந்தாயிரம்" என்பதன் உள்ளர்த்தம் இப்போது விளங்கும் என நினைக்கிறேன். கேட்பவருக்கு அந்த ஐந்தாயிரம் பெரிதல்ல. நீங்கள் கட்டினீர்கள் என்ற தடயம்தான் பெரிது.

காலத்தைக் கடத்தித் தப்பலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலாவதி என்பது வழக்கு வந்தால் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய ஒரு எதிர்வாதம் மட்டுமே; நீதிமன்றம் தானாக அதைத் தேடிப் பார்த்து உங்களைக் காப்பதில்லை. கிரிப் அறிக்கையில் உள்ள வரியை அது அழிப்பதும் இல்லை. உங்களுக்குத் தேவை வீட்டு வேலைக்கான கடன். அதற்காக இன்னும் சில வருடம் காத்திருந்து, அதன் பிறகும் அதே வரியோடு வங்கி வாசலில் நிற்பதில் என்ன பயன்?

வழக்கு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது 2018 இல் இருந்த வாடகை வீட்டு முகவரி என்றால், அழைப்பாணை அங்கே போயிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. நிதி நிறுவனங்கள் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ்ச் சுருக்கமான முறையில் வழக்கிட முடியும். அந்த வழக்கில் எதிர்வாதம் செய்வதற்கே நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு உரிய திகதியில் சத்தியக்கூற்று (சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலம்) தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றக் கட்டளை உறுதியாகிவிடும். பணம் கட்ட வேண்டிய இடம் கொழும்புத் தலைமை அலுவலகம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் வழக்கும் கொழும்பில் போடப்பட்டிருக்கலாம். ஆகவே சாவகச்சேரி நீதிமன்றப் பதிவகத்தில் மட்டும் விசாரித்துத் திருப்திப்பட வேண்டாம்; நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்திலேயே வழக்கேதும் தொடுக்கப்பட்டிருந்தால் அதன் இலக்கத்தைத் தருமாறு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டளை கிடைத்திருந்தால் அதை நிறைவேற்ற அவர்களுக்குப் பத்து வருடம் இருக்கிறது. அந்த நிலையில் என் யோசனைகளை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே சட்டத்தரணியிடம் போக வேண்டும்.

பொலிஸ் என்ற பயமுறுத்தலுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். தவணை கட்டாமை குடியியல் விடயம், அதற்காகப் பொலிஸ் உங்களைக் கைதுசெய்ய வராது. ஆனால் காசோலை வேறு விடயம். கணக்கில் பணமில்லை என்று தெரிந்தும் காசோலை எழுதிக் கொடுப்பது அதே 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி குற்றம். தவணைக்குப் பதிலாகப் பின்திகதியிட்ட காசோலைகளைத் தாருங்கள் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். இல்லாத சிறைப் பயத்தைக் காட்டி, உண்மையிலேயே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய கடதாசியைக் கையெழுத்து வாங்குவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். இரவு நேர அழைப்பு, அயலவருக்கு அழைத்துச் சொல்வது, வாசலில் நின்று சத்தமிடுவது என்று தொடர்ந்தால், திகதி, நேரம், அழைத்த இலக்கம், பேசிய வார்த்தை என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ, மத்திய வங்கியில் நிதி நுகர்வோர் முறைப்பாடுகளைக் கவனிக்கும் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், எழுதவும் செய்யலாம். கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருப்பதால் தமிழில் கேட்டுத் தெளியவும் வசதியுண்டு. நிதி ஒம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரியிடமும் கட்டணமின்றி முறையிடலாம்.

கணக்குக் கூற்று வந்து, அதன்படி ஒரு தொகை உண்மையிலேயே நிற்கிறது என்றால், அப்போது பேசுங்கள். பதிவழிக்கப்பட்ட பழைய கணக்கில் தண்டவட்டியை விட்டுக்கொடுக்க நிறுவனங்கள் பெரும்பாலும் தயங்குவதில்லை. ஒரே தடவையில் கட்டுகிறவருக்கு முதற்பணத்திலும் கொஞ்சம் குறைப்பார்கள். தம்பி உதவுவதாக இருந்தால் அவருடைய பணத்தை மாதம் மாதம் சிறு துண்டாக அனுப்பாமல் இந்த ஒரு வேளைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பணம் கைமாறுவதற்கு முன் நிறுவனத்தின் கடிதத் தாளில் மூன்று விடயங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: இன்ன தொகை இன்ன திகதிக்குள் கட்டினால் கணக்கு முற்றாகத் தீர்ந்ததாகக் கொள்ளப்படும், பிணையாளியும் விடுவிக்கப்படுவார், தீர்க்கப்பட்ட நிலை கொடுகடன் தகவல் பணியகத்துக்கு அறிக்கையிடப்படும். அந்த மூன்றாவதை எப்படிப்பட்ட சொல்லால் அறிக்கையிடுவார்கள் என்றும் கேளுங்கள். தள்ளுபடியோடு தீர்க்கப்பட்டது என்று ஒரு வரி நிற்பதும், வெறுமனே தீர்க்கப்பட்டது என்று நிற்பதும் உங்கள் வீட்டுக் கடன் விண்ணப்பத்தை வாசிக்கிறவர் கண்ணில் ஒன்றல்ல. கட்டிய பின்பும் கடந்த மாதங்களின் தாமதப் பதிவு உடனே மறைவதில்லை. எனினும் நிலுவை பூச்சியம் என்று காட்டும் அறிக்கையும் தீர்வுக் கடிதமும் கையில் இருந்தால், எல்லா வங்கியும் இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு வங்கி பேசும். என் காலத்தில் நானே அப்படியான விண்ணப்பங்களைப் பரிந்துரைத்திருக்கிறேன்.

அந்த 80,000 ரூபாக் கடன். இதில் முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. 2018, 2019 வாக்கில் ஊரில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நுண்கடன் எடுத்த எந்தக் கூட்டத்திலாவது நீங்கள் இருந்தீர்களா? உங்களுக்காக எடுக்காவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரிக்காகக் குழுவில் ஒருவராகக் கையெழுத்து வைத்திருக்கலாம்; பல பெண்கள் அதைக் கடன் என்றே நினைவில் வைத்திருப்பதில்லை. அப்படி ஒன்றும் இல்லையென்றால், நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய கிரிப் அறிக்கைப் படத்தில் மேல்பகுதியைப் பாருங்கள். அங்கே உங்கள் பெயருக்குக் கீழே நிறுவனங்கள் கொடுத்த முகவரிகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றாவது முகவரி குருநாகல் மாவட்டத்தைச் சேர்ந்தது. நீங்கள் அங்கே ஒருநாளும் வாழ்ந்ததில்லை என்றால் அந்தக் கடனும் அந்த முகவரியும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்க வாய்ப்புண்டு. அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எண் தவறாகத் தட்டச்சாகி இன்னொருவர் கடன் உங்கள் மேல் விழுவது நடக்காத காரியமல்ல. ஒன்பது எண்ணோடு எழுத்துவைத்த பழைய இலக்கத்திலிருந்து பன்னிரண்டு எண் கொண்ட புதிய இலக்கத்துக்கு மாற்றி எழுதும்போது முன்னால் 19 ஐச் சேர்த்து நடுவில் ஒரு பூச்சியத்தையும் சேர்க்க வேண்டும், அந்தப் பூச்சியத்தை வேறு இடத்தில் போட்டுவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடனைக் கொடுத்த நிறுவனத்துக்குத் தனிக் கடிதம் எழுதி, கடன் விண்ணப்பத்தின் பிரதியையும், அதோடு வைக்கப்பட்ட அடையாள அட்டைப் பிரதியையும், கையெழுத்தையும் காட்டுமாறு கேளுங்கள். அதே நாளில் பணியகத்துக்கும் ஆட்சேபம் அனுப்புங்கள். கையெழுத்து உங்களுடையது அல்ல என்று தெரிந்தால் அது போலி ஆவணம். பொலிஸுக்கு நீங்கள் போக வேண்டிய இடம் அதுதான். இனிமேல் அடையாள அட்டைப் பிரதி எவருக்குக் கொடுத்தாலும் அதன் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, எதற்காக, எந்தத் திகதியில் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். லீசிங் கேட்டு மூன்று இடத்தில் பிரதி கொடுத்துவிட்டு ஒரு இடத்தில் மட்டும் வண்டி எடுக்கிறோம். மற்ற இரண்டு பிரதிகளும் யாருடைய மேசை இழுப்பறையில் கிடக்கின்றன என்று நமக்குத் தெரியாது. இந்தக் கடனையும் ஓட்டோக் கடனையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுத வேண்டாம். ஒன்றில் நீங்கள் கணக்குக் கேட்கிறீர்கள், மற்றதில் கடனையே மறுக்கிறீர்கள். கலந்தால் வாசிக்கிற உத்தியோகத்தர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுவார்.

அத்தானுக்குக் கடன் மறுக்கப்பட்டதற்குக் காரணம் இந்த ஓட்டோதான் என்று தோன்றுகிறது. ஒருவருடைய அறிக்கையில் அவர் எடுத்த கடன்களோடு அவர் பிணை நின்ற கடன்களும் வரும். அவரையும் தம் அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஒரு தவறும் செய்யாமல் நான்கு வருடத்துக்கு மேலாக உங்கள் நிலுவையைச் சுமந்திருக்கிறார். உறவுக்குள் இது தொண்டையில் அடைக்கிற பேச்சு என்று எனக்குத் தெரியும். ஆயினும் நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பும் கடிதத்தின் பிரதியொன்றை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். வசூல்காரர் நாளைக்கு அவரையும் அழைப்பார். உங்களுக்கு ஒரு தொகையும் அவருக்கு வேறொரு தொகையும் சொல்லி இருவரிடமும் பணம் கேட்பது நடக்கிற விடயம். நீங்கள் எழுதியது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தால் அவரும் பயத்தில் ஐந்தாயிரத்தைப் போட்டுவிட மாட்டார்.

வெள்ளிக்கிழமை அந்த மனிதர் அழைக்கும்போது வாக்குவாதம் வேண்டாம். அவருடைய முழுப் பெயர், பணியாளர் இலக்கம், எந்த நிறுவனத்தின் சார்பில் பேசுகிறார் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு, "நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன், இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அவர் கோபப்பட்டாலும் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லுங்கள். அதற்கு முன் கடிதம் உண்மையிலேயே தபாலில் போயிருக்க வேண்டும், ஆகவே வியாழன் மதியத்துக்கு முன் தபால் கந்தோருக்குப் போய்விடுங்கள். பதிவுத் தபால் சிட்டையைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள். கணக்குக் கூற்று வந்ததும் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். முதற்பக்கத்தை மட்டும் அனுப்ப வேண்டாம். 2021 நவம்பருக்குப் பிந்திய வரவுகள் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும், நான் பார்க்க வேண்டியதும் அந்தப் பக்கத்தைத்தான்.